டிரைவருக்குக் குண்டு பட்டால்: தூதரகப் பயிற்சி பற்றிச் சில அனுபவங்கள்

வீட்டுக்காரர் அமெரிக்க வெளியுறவுத் துறையில இருக்கார். ஆபத்தான ஊருக்கு மாற்றல் வந்தப்போ அவரோட நானும், தாக்குதல் நடந்தா தப்பிக்கச் சொல்லிக் கொடுக்கிற ஒரு வாரப் பயிற்சிக்குப் போனேன். வர்ஜீனியாவுல பிளாக்ஸ்டோன் பக்கம், 2019-ல திறந்த மையம்.

ரோட்டை மறிச்சு நிக்கிற காரை இடிச்சுத் தள்ளணும். வேகமா வந்து மோதக் கூடாது. நிக்கப் போற மாதிரி பாவலா காட்டி, கிட்ட வந்ததும் அதோட பின்சக்கரத்தைக் குறிவச்சு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கணும், எடுக்கவே கூடாது. இருபது வருஷமா ஸ்கூட்டியில ஒரு கோழியைக்கூட இடிக்காதவ நான். இடிச்ச சத்தம் கேட்டதும் பிரேக்கைப் போட்டுட்டேன். "இப்ப அவங்க கையில மாட்டிட்டீங்க"ன்னார் பயிற்சி கொடுத்தவர்.

புகை அறையில கண்ணே தெரியாது. ஒரு கையால சுவத்தைத் தடவிக்கிட்டே தவழணும். 2012-ல லிபியாவுல, பெங்காசியில அமெரிக்கத் தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸ் உயிர் போனது புகையாலதான்.

ஆனா என்னைத் தூங்க விடாதது வேற. ஓட்டிட்டிருக்கிறவர் சுடப்பட்டுட்டாருன்னு வச்சுக்கிட்டு, பக்கத்து சீட்டிலிருந்தே வண்டியை ஓட்டணும். சொல்லிக் கொடுக்கிறவரே பொணம் மாதிரி சாஞ்சுடுவார். அவரை முழங்கையால ஒதுக்கி, ஸ்டீயரிங்கைப் பிடிச்சு, இடது காலை அவர் கால் மேல போட்டு பெடலைத் தேடணும். என்ன கனம் தெரியுமா!

— — —

1998 ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. நான் நைரோபியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன், அமெரிக்கத் தூதரகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. முதலில் வெடி போட்டது போல ஒரு சத்தம். எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் போனில் இருந்தேன், எழுந்திருக்கவில்லை, சாமர்த்தியம் ஒன்றுமில்லை. சில நொடியில் லாரி குண்டு. 200 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் கென்யர்கள். கண் போனவர்கள் பலர், அத்தனையும் ஜன்னல் கண்ணாடி. சத்தம் கேட்டால் ஜன்னலை விட்டு விலகிக் குப்புறப் படு என்று இப்போது தூதரகங்களில் பழக்குகிறார்களாம். இன்றைக்கும் தீபாவளிக்கு நான் ஜன்னல் பக்கம் நிற்பதில்லை. வீட்டில் கேலி செய்வார்கள்.

— — —

அக்கா, நீங்க ஒதுக்கித் தள்ளினீங்களே, அந்த டிரைவர் நான்தான்.

ஏமன்ல, சனாவுல ஒரு வெளிநாட்டுத் தூதரகத்துக்கு ஆறு வருஷம் வண்டி ஓட்டினேன். பேர் வேணாம். பின்சீட்டுல வர்றவங்க எல்லாம் பயிற்சி முடிச்சவங்க. எனக்குச் சொல்லிக் கொடுத்தது ரெண்டே விஷயம்: தினமும் ஒரே வழியில போகாத, காலையில வண்டிக்கு அடியில குண்டு இருக்கான்னு கண்ணாடி வச்சுப் பாரு. கம்பு முனையில கட்டின கண்ணாடி அது. பல நாள் குனிஞ்சு டார்ச் அடிச்சே பாத்திருக்கேன், கண்ணாடி உடைஞ்சு கிடக்கும்.

2015 ஆரம்பத்துல தூதரகத்தை மூடிட்டு அவங்க கிளம்பிட்டாங்க. சாவியை வாங்கிக்கிட்டு அந்த மாசச் சம்பளத்தைக் கையில கொடுத்தாங்க. குண்டு விழ ஆரம்பிச்ச பிறகு, ஏப்ரல்ல நம்ம அரசாங்கம் 'ராஹத்'னு பேர் வச்சு எங்களைக் கூட்டிட்டு வந்தது. சனாவிலிருந்து ஜிபூட்டி, அங்கேயிருந்து கொச்சி.

ஒண்ணு கேக்கணும் அக்கா. அந்த வகுப்புல, டிரைவருக்கு உயிர் இருக்கான்னு பாக்கச் சொன்னாங்களா?

— — —

முதல்ல இல்லண்ணா. சுடற இடத்தை விட்டு வண்டி வெளியே வந்தப்புறம்தான். அப்போ கால்லயோ கையிலயோ ரத்தம் பீச்சினா, காயத்து மேலேயே இல்ல, அதுக்கும் உடம்புக்கும் நடுவுல பட்டையைப் போட்டு, ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கணும், கட்டின நேரத்தை எழுதி வைக்கணும். எங்க வகுப்புல அதை அந்த டிரைவர் கால்லதான் கட்டிப் பழகினோம்.