புரோ மோடா, ஆட்டோவா? கைபேசிக் கேமராவில் ஒரு வாக்குவாதம்

முக்காலி:

"கைபேசியில் புரோ மோட் வெறும் அலங்காரம், ஆட்டோவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். (ஒளி அளவுகளை நாமே திருகி வைப்பது புரோ மோட், கைபேசியே வைத்துக்கொள்வது ஆட்டோ.) எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

அண்மையில் ஒரு நடன நிகழ்ச்சியில் படம் எடுத்தேன். மேடை முழுக்க இருட்டு, ஆடுபவர்மேல் மட்டும் பளீரென்று விளக்கு. ஆட்டோவில் எடுத்த பத்துப் பதினைந்து படங்களிலும் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. கைகள் புகைபோல் கலைந்து கிடந்தன. கேமரா தன் முன்னால் இருக்கும் மொத்த வெளிச்சத்தையும் கூட்டிப் பார்த்து, அதை ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவர முயலும். முக்கால்வாசி இடம் கறுப்பு என்றால், வெளிச்சம் போதவில்லை என்று முடிவு கட்டி ஷட்டரை, அதாவது ஒளி உள்ளே வரும் கதவை, 1/30 நொடிவரை திறந்து வைத்துவிடும். அப்புறம் புரோ மோடுக்கு மாறி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 400, ஷட்டர் 1/250 நொடி என்று வைத்தேன். தோலின் நிறம் அப்படியே வந்தது, விரல் நுனிவரை கூர்மையாக நின்றது. பின்னணி கறுப்பாகவே இருந்தது. கண்ணுக்கும் அது அப்படித்தானே தெரிந்தது!

ஒரே தட்டு:

நண்பரே, நீங்கள் சொன்ன சிக்கலுக்கு புரோ மோட் தேவையே இல்லை. திரையில் அந்த முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்துக்குக் கிடைக்கும் ஒளி அளவு) பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். இரண்டே நொடி வேலை. நீங்கள் ஐஎஸ்ஓவைத் தேடிக்கொண்டிருக்கும்போது நடனத்தின் நல்ல முத்திரை முடிந்துபோயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைபேசியின் பலம் அதன் லென்ஸில் இல்லை, கணக்கில் இருக்கிறது. முதன்மைக் கேமராவின் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) 1/1.3 அங்குல வகை என்றே வைத்துக்கொண்டாலும், ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய கேமராவின் சென்சார் பரப்பில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்குதான். அந்தச் சின்ன இடத்தில் விழும் ஒளியைக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தால் புள்ளி புள்ளியாகத்தான் வரும். அதனால்தான் ஆட்டோ நாம் ஒருமுறை தட்டினால் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கலக்கிறது. 2018இல் கூகுள் கொண்டுவந்த நைட் சைட் என்ற இரவு மோட் 15 படங்கள் வரை கலந்தது. ஒன்பது படங்களைக் கலந்தால் இரைச்சல் (அந்தப் புள்ளிகள்) மூன்றில் ஒரு பங்காகும், பதினாறு என்றால் நான்கில் ஒரு பங்கு. பல கைபேசிகளில் புரோ மோடுக்குப் போனதும் இந்த வசதி நின்றுவிடுகிறது. பொறியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கொடுத்ததை நாமே தூக்கிப் போட்டுவிட்டு, அதைத் திறமை என்று சொல்லிக்கொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

முக்காலி:

சூரியக் குறியை இழுத்தால் படம் இருட்டாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதைக் குறைத்து இருட்டாக்குகிறது? ஷட்டரை வேகப்படுத்தலாம், அல்லது ஐஎஸ்ஓவை மட்டும் இறக்கிவிட்டு ஷட்டரை அதே 1/30இல் விட்டுவிடலாம். அந்த முடிவு நம் கையில் இல்லை. முகம் சரியாக வரும், கை அப்போதும் புகையாகத்தான் இருக்கும். எனக்கு வேண்டியது அசைவை நிறுத்துவது. அதற்கு ஷட்டர் வேகத்தை நானே சொல்ல வேண்டும், வேறு வழியில்லை.

பல படங்களைக் கலப்பது அசையாத பொருளுக்குப் பிரமாதம். ஆடுகிற ஆளுக்கு? ஒவ்வொரு படத்திலும் கை ஒவ்வோர் இடத்தில் இருக்கும்.

நிலாமுற்றம்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இதற்கெல்லாம் புதியவள். என் பையனுக்கு மூன்று வயது, ஓர் இடத்தில் நிற்கவே மாட்டான். வீட்டுக்குள் எடுத்த படம் எல்லாமே கலங்கலாக வருகிறது. முக்காலி அண்ணா சொன்னபடி 1/250 வைத்தால் சரியாகுமா?

முக்காலி:

ஆகும் தங்கச்சி. 1/250 வைத்துவிட்டு, படம் போதுமான வெளிச்சத்துக்கு வரும்வரை ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். வீட்டு விளக்கில் 1200, 1600 வரை போக வேண்டியிருக்கும். கொஞ்சம் புள்ளி தெரியும், பரவாயில்லை. புள்ளி விழுந்த படத்தில் பிள்ளையின் சிரிப்பு தெரியும், கலங்கிய படத்தில் அதுவும் தெரியாது.

ஒரே தட்டு:

அம்மா, அதைவிடச் சுலபமான வழி: பகலில் பையனை சன்னல் பக்கம் விளையாட விடுங்கள். வெளிச்சம் கூடினால் ஆட்டோ தானாகவே ஷட்டரை வேகப்படுத்தும். எந்த மோடாக இருந்தாலும் முதலில் தேட வேண்டியது ஒளியைத்தான்.

பழைய லென்ஸ்:

இருவரும் ஒரு முக்கியமான விஷயத்தைத் தொடவே இல்லை. பல ஆண்டுகளாகப் பெரிய கேமராவில் எடுத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். எக்ஸ்போஷர் என்பது மூன்று கால் கொண்ட நாற்காலி: அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), ஷட்டர், ஐஎஸ்ஓ. பெரும்பாலான கைபேசிகளில் அப்பெர்ச்சர் என்ற கால் அசையவே அசையாது. எஃப் 1.8 என்றால் காலத்துக்கும் எஃப் 1.8தான். 2018இல் சாம்சங் எஸ்9இல் எஃப் 1.5, எஃப் 2.4 என்று இரண்டு நிலை வைத்தார்கள். 2022இல் ஹுவாவேயின் மேட் 50 புரோவும், 2024இல் ஷாவ்மி 14 அல்ட்ராவும் எஃப் 4 வரை சுருங்கும் லென்ஸோடு வந்தன. அப்படிப்பட்டவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

இதனால் என்ன ஆகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். நல்ல வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் சுமார் 1/100 நொடி. பழைய ஃபிலிம் காலத்து விதி இது, இன்றும் பொய்க்கவில்லை. அதையே எஃப் 1.8க்கு மாற்றினால் சுமார் 1/8000. ஐஎஸ்ஓவை 50க்கு இறக்கினாலும் 1/4000. இப்போது வெயிலில் ஓர் அருவியைப் பட்டுத்துணிபோல் எடுக்க ஆசைப்பட்டு ஷட்டரை 1/4 நொடிக்குக் கொண்டுபோனால், தேவையைவிட ஆயிரம் மடங்கு ஒளி உள்ளே வரும். படம் வெறும் வெள்ளைக் காகிதம். லென்ஸுக்கு முன்னால் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டினால்தான் அது நடக்கும். இதைச் சொல்லாமல் "புரோ மோடில் அருவி எடுக்கலாம்" என்று காணொளி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. புதிதாக வருபவர் முயன்று பார்த்துவிட்டு, தவறு தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்கிறார்.

ஒரே தட்டு:

அருவிக்கு ஐபோனில் ஃபில்டரே வேண்டாம் ஐயா. லைவ் போட்டோவாக எடுத்துவிட்டு, அதில் லாங் எக்ஸ்போஷரைத் தேர்ந்தெடுத்தால் போதும். 2017இல் ஐஓஎஸ் 11இலேயே வந்துவிட்டது. தட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை நொடியைப் பதிவுசெய்து, அந்த மூன்று நொடியையும் கலந்து தருகிறது. நான் சொல்ல வருவதும் இதுதான்: அப்பெர்ச்சர் என்ற கால் இல்லாத குறையைக் கணக்கு ஈடுகட்டுகிறது.

நிலாமுற்றம்:

அண்ணா, நேற்று இரவு 1/250 வைத்து எடுத்துப் பார்த்தேன். பையன் தெளிவாக வந்தான்! ஆனால் படம் முழுக்கக் குறுக்காகக் கறுப்புப் பட்டைகள். சுவர், முகம், சட்டை எல்லாவற்றிலும் வரி வரியாக. கைபேசி பழுதா?

பழைய லென்ஸ்:

பழுதில்லை அம்மா. உங்கள் வீட்டு எல்இடி விளக்கு துடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. கைபேசியின் சென்சார் படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை, வரி வரியாகப் படிக்கிறது. ஷட்டர் ஒரு துடிப்பைவிட வேகமாக இருந்தால் சில வரிகள் விளக்கு பிரகாசிக்கும்போதும், சில வரிகள் மங்கும்போதும் பதிவாகும். அதுதான் பட்டை. ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வையுங்கள், ஒவ்வொரு வரியும் முழுத் துடிப்பையும் வாங்கிக்கொள்ளும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் இருப்பவர்கள் 1/120, 1/60 வைக்க வேண்டும்.

ஒரே தட்டு:

கவனித்தீர்களா? ஆட்டோவில் இருந்தவரை அவருக்கு இந்தப் பட்டை வந்ததே இல்லை. விளக்கின் துடிப்பைக் கண்டுகொண்டு அதற்கு ஏற்ற ஷட்டரைத் தேர்ந்தெடுக்கும் வேலையையும் ஆட்டோ சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டால், இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் பொறுப்பும் நம்மிடம் வந்துவிடுகிறது. ஒரு தாய்க்குப் பிள்ளையின் படம் வேண்டும், மின்சாரப் பாடம் வேண்டாம்.

முக்காலி:

இதை முன்பே சொல்லாதது என் தவறு. தங்கச்சி, மன்னியுங்கள். வீட்டு விளக்கில் 1/100 வையுங்கள். ஓடும் பிள்ளைக்கு அது கொஞ்சம் மெதுவான வேகம்தான், ஆனால் ஒரு வழி உண்டு. அவன் குதித்தால் உச்சியில் ஒரு கணம் நிற்பான். திரும்பினால், திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்பான். அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து தட்டுங்கள்.

ஆனால் நண்பரே, "தாய்க்குப் பாடம் வேண்டாம்" என்பதை ஏற்க மாட்டேன். அவர் கேட்டார், முயன்றார், ஒரே இரவில் தன் விளக்கு துடிப்பதையே கண்டுபிடித்துவிட்டார். ஆட்டோவில் எடுத்த ஆயிரம் படங்கள் அவருக்கு இதைக் கற்றுக் கொடுத்திருக்காது.

பழைய லென்ஸ்:

புரோ மோடில் ஒன்றே ஒன்றை மட்டும் தொடுங்கள் என்றால் நான் ஒயிட் பேலன்ஸைத்தான் (நிறச் சமநிலை) சொல்வேன். சூரியன் மறையும் நேரத்தில் வானம் செக்கச் செவேலென்று இருக்கும், ஆட்டோ அதை "நிறக் கோளாறு" என்று நினைத்து நீலத்தைக் கலந்து சமன் செய்துவிடும். 5500 கெல்வினில் (பகல் வெளிச்சத்துக்கான நிற அளவு) பூட்டிவிட்டால் கண்ணால் பார்த்த நிறம் கிட்டத்தட்ட அப்படியே வரும். விற்பனைக்குத் துணியோ நகையோ வரிசையாகப் படம் எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். இல்லாவிட்டால் ஒரே சேலை பத்துப் படத்தில் பத்து நிறத்தில் இருக்கும்.

ஒரே தட்டு:

அதைப் பின்னால் எடிட் செய்து சரிசெய்யலாமே?

பழைய லென்ஸ்:

ரா ஃபைலாக (சென்சார் பதிந்த தரவு அப்படியே) எடுத்திருந்தால் தாராளமாக. ஜேபெக் (வழக்கமான படக் கோப்பு) என்றால் நிறம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, ஓரளவுக்கு மேல் இழுத்தால் தோலெல்லாம் திட்டுத் திட்டாகும்.

முக்காலி:

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு, நிலாவை வைத்துச் சொல்கிறேன். ஆட்டோவில் நிலா வெள்ளைப் பொட்டாக எரிந்துபோகும், ஏனென்றால் சுற்றிலும் இருட்டு, என் மேடைக் கதைதான் மறுபடியும். உண்மையில் முழுநிலா வெயிலில் கிடக்கும் ஒரு பாறை. எஃப் 2.8 டெலி லென்ஸில் (தொலைவை நெருக்கிக் காட்டுவது) ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/1600 வரை போனாலும் அதன் கறைகள் தெரியும். சில கைபேசிகளின் ஆட்டோ இதை வேறு வழியில் தீர்க்கிறது. 2023இல் ஒருவர் நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் காட்டி, சாம்சங் கைபேசியால் எடுத்துப் பார்த்தார். மூலப் படத்தில் இல்லாத நுணுக்கங்கள் அதில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவால் விவரங்களை மேம்படுத்துவதாக அந்த நிறுவனமே விளக்கமும் தந்தது. சின்னதாக, கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், என் லென்ஸ் பார்த்த நிலாதான் எனக்கு வேண்டும்.

ஒரே தட்டு:

நிலா விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். படத்தில் இல்லாததைச் சேர்ப்பது வேறு, எடுத்த பல படங்களைக் கலப்பது வேறு. இரண்டாவதைத்தான் நான் ஆதரிக்கிறேன்.

நேற்று மழையில் இன்னொன்றும் நடந்தது. சன்னல் கண்ணாடி வழியாகத் தெருவை எடுக்கப் பார்த்தேன். ஆட்டோஃபோகஸ் கண்ணாடியில் வழியும் துளிகளிலேயே போய் ஒட்டிக்கொண்டது. எத்தனை முறை தட்டினாலும் திரும்பத் திரும்பத் துளிதான். கடைசியில் புரோ மோடுக்குப் போய் ஃபோகஸை மட்டும் தொலைவுக்கு நகர்த்தினேன், மற்றதை எல்லாம் ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன். படம் நன்றாக வந்தது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் இரவுப் படத்தில் என் கருத்து மாறவே இல்லை. 24 மிமீக்கு நிகரான அகன்ற கோண லென்ஸில் ஒரே படமாக எடுத்தால் சுமார் 20 நொடிக்கு மேல் நட்சத்திரம் கோடாக இழுக்கும், கையால் எதைத் திருகினாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. 2019இல் கூகுளின் பிக்சல் 4இல் வந்த வானியல் மோட், தலா 16 நொடி வரை 15 படங்கள் எடுத்து, நட்சத்திரம் நகர்ந்த அளவுக்கு ஒவ்வொன்றையும் நகர்த்திப் பொருத்துகிறது. மொத்தம் நான்கு நிமிட ஒளி. உங்கள் புரோ மோட் இதற்கு என்ன பதில் சொல்லும்?

முக்காலி:

ரா ஃபைலாக 16 நொடிப் படம் பதினைந்தை நானே எடுத்து, கணினியில் நானே அடுக்குவேன். அதே கருத்துதான், ஆனால் ஒவ்வொரு படமும் என் கையில் இருக்கும். அமாவாசை அன்று டிரைபாடோடு போகிறேன். ஒரே கைபேசியில் இரண்டு முறையிலும் எடுத்து இங்கே போடுகிறேன், எது எது என்று சொல்லாமல்.

ஒரே தட்டு:

போடுங்கள். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆட்டோ தோற்றால் அதையும் இங்கேயே எழுதுவேன்.

நிலாமுற்றம்:

1/100 வைத்து எடுத்தேன் அண்ணா. பட்டை போய்விட்டது. கட்டிலில் இருந்து குதிக்கும்போது உச்சியில் தட்டியது ஒன்று, இருபது படத்தில் ஒன்றுதான், ஆனால் இரண்டு காலும் காற்றில் இருக்கிறது, வாய் நிறையச் சிரிப்பு. அவன் அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன்.