புதுச்சேரியில் மாலை ஏழு மணிக்கு மேல், கைப்பேசி இல்லாமல் என்ன செய்யலாம்?

லாஸ்பேட்டைவாசி:

வணக்கம். எனக்கு வயது 27. சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். இரண்டு ஆண்டுகளாக லாஸ்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி, சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்குத் திறக்கும் மடிக்கணினியை மாலை ஆறரைக்கு மூடுகிறேன். மூடிய கையோடு கைப்பேசியை எடுக்கிறேன். அதைக் கீழே வைக்கும்போது மணி பதினொன்று. இடையில் என்ன பார்த்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. போன மாதம் அம்மா தொலைபேசியில், "இன்றைக்கு என்னம்மா செய்தாய்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சில முயற்சிகள் செய்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். ஒரு சனிக்கிழமை மண்பாண்ட வகுப்புக்குப் போனேன். மூன்று மணி நேரத்துக்கு 1,800 ரூபாய். சக்கரத்தில் ஈர மண் சுழலும்போது அதன்மேல் கை வைத்திருந்த நேரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் வந்திருந்த பன்னிரண்டு பேரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்காமலே கலைந்து போனோம். பிறகு கிண்ணங்களைத் தட்டி எழுப்பும் ஒலியைக் கேட்டபடி பாயில் படுத்திருக்கும் அமர்வு ஒன்று. தோழி அழைத்ததால் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு நிமிடம். எதற்கும் இரண்டாம் முறை போகவில்லை. வாரா வாரம் போக எனக்குக் கட்டுப்படியும் ஆகாது.

மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். மாலை ஏழுக்கு மேல், அல்லது சனி, ஞாயிறு. தனியாக வரும் பெண் தயங்காமல் நிற்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். கைக்கு வேலை இருக்க வேண்டும். ஒரு நாள் நான் போகாவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று யாராவது கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம்.

வில்லியனூர் ஆசிரியை:

ஞாயிறு விடியற்காலை எழுந்திருக்க முடியுமானால் ஊசுட்டேரிக்கு வாருங்கள். புதுச்சேரியின் பெரிய ஏரி அதுதான். 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வந்துவிடும். நான் தொடங்கியபோது காகம், கொக்கு, மீன்கொத்தி தவிர வேறு பெயர் தெரியாது. நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு கரிய உடல் நீந்தினால் அது நாமக்கோழி என்று ஒரு மாணவிதான் எனக்குக் காட்டினாள். பெயரைக் கேட்ட பிறகு அந்த நெற்றியை எப்படி மறப்பது!

பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் தமிழகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததை எல்லாம் எண்ணிக் குறிக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பிறகு இணையத்தில் ஏற்ற வேண்டியிருக்கும். நான் ஏரிக்கரையில் கைப்பேசியை வெளியே எடுப்பதில்லை. நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த பிறகு ஏற்றுவேன். என் தொலைநோக்கி ஒன்றை உங்களுக்குத் தருகிறேன்.

கெடிலக்கரை:

அந்த ஒலி அமர்வுகளுக்காக ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன், சகோதரி. என் தந்தை இறந்த ஆண்டில் எனக்கு உறக்கமே போயிற்று. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் என்னைப் படுத்திருக்கவிட்ட இடம் அது ஒன்றுதான். நான்கு முறை போனேன், பிறகு தேவைப்படவில்லை. காசு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது ரோமன் ரோலண்ட் நூலகம். 1827-இல் தொடங்கியது. அங்கே கைக்கு வேலை இல்லை என்பது தெரியும். ஆனால் செய்தித்தாள் மேசையில் தினமும் அதே நாற்காலியில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் போனால் உங்கள் நாற்காலி எது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

முத்தியால்பேட்டை:

அம்மா, உங்கள் கேள்வியை என் மகன் படித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்கிறான். எனக்கு வயது 66. ஆலையில் தறிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

நீங்கள் கேட்டது அத்தனைக்கும் பொருந்துகிற ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. பெத்தாங்க். இரும்புக் குண்டு எறிகிற ஆட்டம். தெற்குப் பிரான்சில் லா சியோத்தா என்ற துறைமுக ஊரில் 1907 வாக்கில் பிறந்தது. அதற்கு முன்பு சில அடி ஓடிவந்து எறிகிற ஆட்டம்தான் அங்கே இருந்தது. மூட்டுவலியால் ஓட முடியாமல் போன ஓர் ஆட்டக்காரருக்காக, இனி எல்லோரும் நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று விதியை மாற்றியதாகச் சொல்வார்கள். இரண்டு பாதங்களையும் ஊன்றி நிற்பதால்தான் அந்தப் பெயர். முழங்கால் தேய்ந்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஆட்டத்தையே அவருக்காக வளைத்திருக்கிறார்கள் பாருங்கள். எனக்கும் இப்போது முழங்கால் வலி இருக்கிறது. ஒவ்வொரு முறை வட்டத்துக்குள் நிற்கும்போதும் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். அவர் கொடுத்த இரண்டு குண்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கடல் காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும், அதனால் ஆடி முடித்ததும் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

ஆட்டம் எளிது. தரையில் சிறு வட்டம் கீறி அதற்குள் நிற்க வேண்டும். ஒரு மரக்குண்டை ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்துக்குள் வீச வேண்டும். நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். பிரெஞ்சில் அதைக் கொஷொனே, பன்றிக்குட்டி என்பார்கள். அதற்கு யார் குண்டு அருகில் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. முதலில் 13 எடுக்கும் அணி வெல்லும். மெல்ல உருட்டி அருகே கொண்டுபோய் வைப்பது ஒரு கலை, எதிரணியின் குண்டை அடித்து விரட்டுவது மற்றொரு கலை. முதலாவதற்குப் பொறுமை வேண்டும். கணக்கு எழுதுகிற உங்களுக்கு அது வரும் என்று நினைக்கிறேன். சமமான தரை தேடாதீர்கள். கல்லும் மேடும் இருக்கிற தரையில்தான் ஆட்டம் ருசிக்கும். கடற்கரை மணல் மட்டும் ஆகாது, குண்டு புதைந்துவிடும்.

எது அருகில் என்று சந்தேகம் வந்தால் நாடா எடுத்து அளப்போம். அந்த நேரத்தில் ஆறு தலைகளும் ஒன்றாகக் குனிந்திருக்கும். ஒரு கையில் குண்டு, மறு கையில் துணி இருப்பதால் கைப்பேசி பையிலேயே கிடக்கும். மூன்று பேர் அணியில் ஆளுக்கு இரண்டு குண்டுகள். ஒருவர் வராவிட்டால் இரண்டு குண்டுகளுக்கு ஆள் இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்காமல் எப்படி இருப்போம்? எங்கள் திடலில் விளக்கு உண்டு, இரவு ஒன்பது வரை ஆடுவோம். செவிலியர் ஒருவரும் தையல்காரம்மா ஒருவரும் வழக்கமாக வருகிறார்கள். காசு எதுவும் இல்லை. வழியை என் மகன் உங்களுக்குத் தனியாக எழுதுவான்.

லாஸ்பேட்டைவாசி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஆசிரியை அக்காவோடு ஒரு ஞாயிறு ஊசுட்டேரிக்குப் போனேன். நாமக்கோழியை நானே கண்டுபிடித்தேன். பொங்கலுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். கெடிலக்கரை அண்ணா, உங்கள் பதிலைப் படித்த பிறகு அந்த அமர்வைப் பற்றி வேறு மாதிரி நினைக்கிறேன்.

திடலுக்கு முதல் நாள் போனபோது ஓரமாக நின்று பார்த்தேன். இரண்டாம் நாள் செவிலியர் அக்கா தன் குண்டைக் கொடுத்து எறியச் சொன்னார். பந்தை வீசுவதுபோல் உள்ளங்கை மேலே பார்க்க எறிந்தேன், அது தையல்காரம்மாவின் பைவரை உருண்டு போனது. "உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும்" என்றார் ஐயா. அப்படிப் பிடித்தால் விரல்கள் விடும்போது குண்டு பின்பக்கமாகச் சுழன்று விழுந்த இடத்திலேயே நிற்கிறது. அது சரியாக வரும் அன்று இரவு, அறைக்கு வந்த பிறகும் உள்ளங்கையில் இரும்பு வாசனை இருக்கிறது.

எல்லாம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். திடலுக்குப் போகாத நாட்களில் இன்னும் பதினொன்று ஆகிறது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வேலையால் ஒரு வாரம் முழுவதும் போக முடியவில்லை. அடுத்த முறை போனபோது எனக்காக ஒதுக்கிவைத்த இரண்டு குண்டுகளும் துடைத்தபடி பெஞ்சின்மேல் இருந்தன. எங்கே போனாய், உடம்பு சரியில்லையா என்று மூன்று பேர் கேட்டார்கள். அன்று அம்மாவோடு அரை மணி நேரம் பேசினேன்.

ஐயா, சொந்தமாகக் குண்டுகள் வாங்கலாம் என்று நினைக்கிறேன். என் கை சிறியது. எந்த அளவு, எந்த எடை?

முத்தியால்பேட்டை:

அவசரப்பட வேண்டாம் அம்மா. பெரியவர்கள் ஆடும் குண்டு 650 கிராமிலிருந்து 800 கிராம் வரை, குறுக்களவு எழுபதரை மில்லிமீட்டரிலிருந்து எண்பது வரை இருக்கும். உங்கள் கைக்கு 71 போதும் என்று தோன்றுகிறது. நீங்கள் அருகே வைப்பதையே அதிகம் ஆடுகிறீர்கள், அதனால் எடை 700-க்குக் கொஞ்சம் மேலே இருந்தால் தரையில் நன்றாக நிற்கும். ஆனால் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு வந்துவிடுங்கள். மூன்று அளவுகளில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். துணி மட்டும் உங்களுடையதாக ஒன்று கொண்டுவாருங்கள்.