திகதிக் கணக்கு: முதல் நாள் சேருமா, சேராதா?

மாங்குளம், சம்பளப் பகுதி

திகதிக்குத் திகதி நாள் எண்ணுவதில் உங்கள் தொழிலில் எந்த இடத்தில் பிழைக்கிறது, எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்று எழுதுங்கோ. சொந்தக் கதை வேண்டாம், கணக்கைக் காட்டினால் போதும்.

நான் பணிக்கொடையில் தொடங்குகிறேன். இலங்கையின் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடத்தில் 5 ஆண்டு முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்கும். தகராறு வருவது "முடித்த" என்ற சொல்லில்தான். 2018 ஜூன் 1 வேலைக்குச் சேர்ந்தவர், 2023 மே 31 கடைசி நாளாக விலகுகிறார். இரண்டு திகதியையும் கணினியில் போட்டால் 4 ஆண்டு 11 மாதம் 30 நாள் என்று காட்டும். ஐந்தாகவில்லை என்று பைலை மூடிவிடுவார்கள். கழித்தல் என்றால் முதல் திகதி விடியற்காலை தொடங்கி, கடைசித் திகதி விடியற்காலையோடு நிற்கிற கணக்கு. மனிசன் மே 31 பின்னேரம் வரை வேலை செய்திருக்கிறார். அதனால் கடைசித் திகதியோடு ஒன்றைக் கூட்டி, ஜூன் 1 என்று வைத்துக் கழிக்க வேண்டும். அப்போது சரியாக 5 ஆண்டு. சம்பளம் 60,000 என்றால் 30,000 ஐந்து தடவை, 150,000 ரூபா. ஒரு நாளில் அவ்வளவும் தங்கியிருக்கிறது.

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் ஆண்டு லீவு வேறு மாதிரி. சேர்ந்த ஆண்டில் இல்லை, அடுத்த ஆண்டில் எத்தனை நாள் என்பதைச் சேர்ந்த திகதி தீர்மானிக்கும். ஜனவரி 1 முதல் மார்ச் 31க்குள் சேர்ந்தால் 14 நாள், ஜூன் 30 வரை 10, செப்டெம்பர் 30 வரை 7, அதற்குப் பிறகு 4. இங்கே யாரும் நாள் எண்ணத் தேவையில்லை, எந்தக் காலாண்டு என்று பார்த்தால் போதும். ஆனாலும் விகிதம் போட்டு 11.3 நாள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊழியர் சேமலாப நிதி அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்டப்பட வேண்டும். 2025 மே 31 சனிக்கிழமை. ஆகவே ஏப்ரல் மாதப் பணம் மே 30 வெள்ளிக்குள். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் கெடு முன்னுக்குத்தான் வரும், பின்னுக்குப் போகாது.

கிளிநொச்சி, கொமினிகேஷன் கடை

அரச வேலை விண்ணப்பத்தில் "முடிவுத் திகதியில் வயது: ஆண்டு, மாதம், நாள்" என்று மூன்று பெட்டி இருக்கும். அதிகம் வெட்டித் திருத்துகிற இடம் அந்த மூன்றாவது பெட்டிதான்.

பிறந்த திகதி 1991 ஓகஸ்ட் 27, முடிவுத் திகதி 2025 மார்ச் 14 என்று எடுங்கோ. பள்ளிக்கூடத்தில் படித்தபடி 14இலிருந்து 27 போகாது, ஒரு மாதம் கடன் வாங்கி 30 கூட்டினால் 17 நாள் வரும். அது பிழை. பிறந்த திகதியிலிருந்து முன்னுக்கு நடவுங்கோ. 2024 ஓகஸ்ட் 27 வந்தால் 33 ஆண்டு. 2025 பெப்ரவரி 27 வந்தால் 6 மாதம். அங்கிருந்து மார்ச் 14 வரை எண்ணினால் 15 நாள், ஏனென்றால் அந்தப் பெப்ரவரிக்கு 28 நாள்தான். விடை 33 ஆண்டு 6 மாதம் 15 நாள். கடன் வாங்கினாலும் முடிவுத் திகதிக்கு முந்திய மாதத்தின் உண்மையான நாள் எண்ணிக்கையைத்தான் வாங்க வேண்டும்.

முதலாம் வகுப்பு அனுமதிக்கு ஜனவரி 31 அன்று 5 வயது முடிந்திருக்க வேண்டும். 2020 ஜனவரி 31 பிறந்த பிள்ளை 2025க்குச் சேரும். பெப்ரவரி 1 பிறந்தது அடுத்த வருசம். இங்கே ஒன்று கூட்டுவது, குறைப்பது எதுவும் கிடையாது.

பரந்தன், வயல்

மூன்றரை மாத நெல் என்றால் 105 நாள். நாட்காட்டியில் மூன்றரை மாதம் தட்டிப் பார்க்காதேங்கோ. ஒக்டோபர் 20 விதைத்தால் 105ஆவது நாள் பெப்ரவரி 2: ஒக்டோபரில் 11, நவம்பரில் 30, டிசம்பரில் 31, ஜனவரியில் 31, இன்னும் 2. மாதக் கணக்கில் போனால் பெப்ரவரி 4. இரண்டு நாள் பெரிதில்லை என்று நினைப்பீர்கள். வெட்டு மெசினுக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் அது பெரிது.

பிஜி, ஏடி இனங்களின் இலக்கத்திலேயே வயது இருக்கிறது. 250 என்றால் இரண்டரை மாதம், 300 தொடக்கம் 349 வரை மூன்று, 350 தொடக்கம் 399 வரை மூன்றரை, 400இலிருந்து நாலு. பிஜி 352, பிஜி 360, ஏடி 362 எல்லாம் மூன்றரை.

எண்ணத் தொடங்கும் நாள்தான் ஆளைக் குழப்பும். முளைகட்டிச் சேற்றில் விதைத்தால் விதைத்த நாளிலிருந்து எண்ணலாம். புழுதி விதைப்பென்றால் விதைத்த நாளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. விதை காய்ந்து கிடக்கும், முளைக்கப் போதுமான மழை விழுந்த நாள்தான் தொடக்கம். நாற்று நட்டால் நாற்றுமேடை நாளும் வயதில் சேரும், ஆனால் பிடுங்கி நடும் அதிர்ச்சியில் அறுவடை ஏறத்தாழ ஒரு கிழமை பிந்தும்.

சிறுபோகத்தில் (குளத்துத் தண்ணீரில் செய்யும் போகம்) கணக்குப் பின்னுக்கு ஓட வேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கடைசித் தண்ணீர் ஓகஸ்ட் 10 என்று தீர்மானித்தார்கள் என்று வையுங்கோ. வெட்டுக்கு இரண்டு கிழமை முன் வயலை வடிய விடுவதால் 105 நாள் பயிருக்கு 91 நாள் தண்ணீர் தேவை. ஓகஸ்ட் 10இலிருந்து 91 நாள் பின்னுக்குப் போனால் மே 11. அதற்குப் பிந்தினால் மூன்றரை மாத நெல்லை விட்டு மூன்று மாத நெல்லுக்கு மாறுங்கோ. 90 நாள் பயிருக்கு 76 நாள் போதும், மே 26 வரை விதைக்கலாம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் பிந்தலைப் பார்த்துக்கொண்டு நிற்காது.

வவுனியா, தரவு உள்ளீடு

மேலே எழுதியவர்கள் கையால் செய்வதை எக்செலில் செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது சூத்திரம் இல்லை, திகதி உண்மையில் திகதியா என்பது. வங்கியிலிருந்து இறக்கிய பைலில் 03/04/2025 என்று இருக்கும். நமக்கு அது ஏப்ரல் 3. கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்கா என்றிருந்தால் அது மார்ச் 4 ஆகிவிடும். 12க்குள் உள்ள நாட்கள் சத்தமில்லாமல் தலைகீழாகும். 12க்கு மேல் உள்ளவை, பதின்மூன்றாம் மாதம் இல்லாததால், வெறும் எழுத்தாக நின்றுவிடும். அடையாளம் இதுதான்: ஒரே நிரலில் சில திகதி வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருக்கும். இடப்பக்கத்தை மட்டும் திருத்தினால் போதாது, வலப்பக்கம் ஒழுங்காக நிற்பதுதான் பொய். பைலை மூடி, பிராந்தியத்தை இலங்கை என்று மாற்றி மூலப் பைலை மறுபடி திறக்க வேண்டும். அல்லது அந்த நிரலை எழுத்தாகவே உள்ளே எடுத்து, டெக்ஸ்ட் டு கொலம்ஸ் (Text to Columns) மூன்றாம் படியில் நாள்-மாதம்-ஆண்டு என்ற ஒழுங்கைத் தெரிய வேண்டும்.

ஒரு கலத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் ஒரு முனை சேராது. வேலை நாள் எண்ணும் நெட்வேர்க்டேஸ் (NETWORKDAYS) சூத்திரம் இரண்டு முனையையும் சேர்க்கும். ஒரே தாளில் இரண்டையும் பாவித்துவிட்டு ஏன் ஒன்று இடிக்கிறது என்று தலையைப் பிய்க்கிறவர்கள் இதை எழுதி ஒட்டி வைக்கலாம். 2025 மேயில் சனி, ஞாயிறு போக 22 நாள். மே தினம் வியாழன், வெசாக் 12, 13 திங்களும் செவ்வாயும். இந்த மூன்றையும் விடுமுறைப் பட்டியலாகக் கொடுத்தால் 19. போயா (பௌர்ணமி விடுமுறை) வரும் திகதிகளைக் கணினி தானாக அறியாது, வருசா வருசம் நீங்கள்தான் போட வேண்டும். சனிக்கிழமையும் வேலை என்றால் அதே சூத்திரத்தின் இன்டர்நஷனல் வடிவத்தில் (NETWORKDAYS.INTL) வாரவிடுமுறைக் குறியீடு 11 கொடுங்கள், ஞாயிறு மட்டும் கழியும். அப்போது அதே மே 24 நாள்.

இரண்டு திகதிக்கு இடைவெளி தரும் டேட்டிஃப் (DATEDIF) சூத்திரத்தில் ஆண்டும் மாதமும் நம்பலாம். மிச்ச நாள் தரும் "எம்டி" (MD) அலகு சில திகதிகளில் பிழைக்கும், அதைப் பாவிக்க வேண்டாம் என்று மைக்ரோசொஃப்டே சொல்கிறது.

ஜனவரி 31இலிருந்து மாதத் தவணை போடும்போது, மாதம் கூட்டும் ஈடேட் (EDATE) சூத்திரம் பெப்ரவரி 28 தரும். அடுத்த தவணையை அந்த 28இலிருந்து எடுத்தால் மார்ச் 28 ஆகி, பிறகு எல்லாம் 28தான். ஒவ்வொரு தவணையையும் முதல் திகதியிலிருந்தே 1, 2, 3 மாதம் என்று எடுங்கள், மார்ச் 31 சரியாக வரும்.

ஒட்டுசுட்டான், பஞ்சாங்கம்

எங்கட பக்கத்தில முதல் நாள் எப்பவும் சேரும். அந்தியேட்டி (செத்தவருக்குச் செய்யிற கிரியை) 31ஆம் நாள் எண்டால் செத்த நாளே ஒண்டு. மார்ச் 5 மோசம் (சாவு) எண்டால் மார்ச் 31 இருபத்தேழாம் நாள், ஏப்ரல் 4 முப்பத்தொண்டு. கணினிப் பிள்ளையள் 31ஐக் கூட்டி ஏப்ரல் 5 எண்டு நோட்டீஸ் அடிச்சுப்போடுவினம். 30ஐத்தான் கூட்ட வேணும். எட்டுச் செலவும் அப்பிடி, பிள்ளைப்பேற்றுத் துடக்கு 31உம் அப்பிடி. திவசம் மட்டும் திகதிக்கு வராது. மாதம், பட்சம், திதி பாக்க வேணும். சந்திர வருசம் 354 நாள் எண்டபடியால் அடுத்த வருசம் 11 நாள் அளவில முந்தும், பிறகு அதிக மாதம் வந்தால் பின்னுக்குப் போகும்.

இன்னொண்டு, வன்னிக்கே உரியது. 1996 மே 25 அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. அதே வருசம் ஒக்டோபர் 26 அதில அரை மணித்தியாலம் குறைஞ்சது. 2006 ஏப்ரல் 15தான் பழையபடி ஐந்தரைக்கு (கிரீன்விச் நேரத்தோட ஐந்தரை மணித்தியாலம்) வந்தது. புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த இடங்களில அந்த மாற்றத்தை எடுக்கேல்லை, பழைய நேரம்தான் ஓடினது. ஆகவே அந்தப் பத்து வருசத்தில பிறந்த ஆக்களின்ர சாதகக் குறிப்புக்கு "எத்தினை மணி" எண்டு கேட்டால் போதாது, "எந்த மணிக்கூடு" எண்டும் கேக்க வேணும். 2001 மார்ச் 10 அதிகாலை 12.10 எண்டு அரசாங்க நேரத்தில பதிஞ்சிருந்தால், பழைய நேரம் மார்ச் 9 இரவு 11.40. திகதியே மாறுது. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில தொடங்கிறதால அது மாறாது. ஆனால் இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒண்டு, அரை மணித்தியாலம் பிசகினால் நாலில ஒரு பங்கு ஆக்களுக்கு இலக்கினம் தப்பும். ஐந்தரையில கணிக்கிற செயலியில மார்ச் 9, 11.40 எண்டுதான் குடுக்க வேணும். அங்க பிறந்து பழைய நேரம் எழுதியிருந்தால் ஒண்டும் கழிக்காதேங்கோ.

முழங்காவில், கடன் கணக்கு

கிழமைக் கட்டுக் கடனில் "மாதம் நாலு கிழமை" என்று சொல்லி ஒரு வருசத்துக்கு 48 கட்டு என்று மனதில் வைத்துக்கொள்கிறார்கள். வருசத்துக்கு 52 கிழமையும் ஒரு நாளும். கட்டு 1,500 என்றால் 72,000 இல்லை, 78,000. கையெழுத்து வைக்க முன் கட்டு எத்தனை என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள்.

வட்டிக்கு நாள் எண்ணும்போது பணம் எடுத்த நாள், திருப்பிய நாள் இரண்டில் ஒன்றுதான் சேர வேண்டும். 100,000 ரூபா, ஆண்டுக்கு 18 வீதம், மார்ச் 10 எடுத்து ஜூன் 12 மீட்டால் 94 நாள் (21, 30, 31, 12). 365ஆல் பிரித்தால் 4,635 ரூபா 62 சதம். 360ஆல் பிரித்தால் 4,700. ஒரு நாள் கூடினாலும் முழு மாதம் என்று எடுக்கும் இடத்தில் 4 மாதம், 6,000. அப்படிப்பட்ட இடத்தில் ஜூன் 10க்கு முன் மீட்பது எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

மல்லாவி, தாய் சேய் கிளினிக்

பேற்றுத் திகதி: கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 280 நாள். ஜூன் 10, 2025 என்றால் மார்ச் 17, 2026. கைக்கணக்கில் 7 நாள் கூட்டி 3 மாதம் குறைத்தாலும் அதே விடை. சில மாதங்களில் ஓரிரு நாள் வித்தியாசம் வரும், பதறத் தேவையில்லை. கர்ப்பத்தின் கிழமைகளும் அந்த நாளிலிருந்துதான், கருத்தரித்த நாளிலிருந்து இல்லை.

மாங்குளம் அண்ணை, 84 நாள் பிரசவ லீவை எப்படி எண்ணுவது?

மாங்குளம், சம்பளப் பகுதி

எந்த விதிக்குக் கீழ் வேலை என்பதைப் பொறுத்தது, தங்கச்சி. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் 12 கிழமை, இடையில் வரும் விடுமுறை எல்லாம் உள்ளே. அரச சேவையில் முழுச் சம்பள 84 நாள் வேலை நாள் கணக்கு. ஐந்து நாள் வாரத்தில் அது 16 கிழமையும் 4 நாளும், அதற்கு மேல் போயாவும் மற்ற விடுமுறையும் தள்ளும்.

கிளிநொச்சி, கொமினிகேஷன் கடை

அடையாள அட்டை இலக்கத்தில் நாள் எண்ணிப் பிறந்த திகதி எடுக்கிறவர்களுக்கு ஒன்று. ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம் வருசத்தின் எத்தனையாம் நாள் என்பது, பெண்களுக்கு 500 கூடியிருக்கும். ஓகஸ்ட் 15 என்றால் ஆணுக்கு 228, பெண்ணுக்கு 728. கணினியில் சாதாரண வருசத்துக்குப் போட்டால் 227தான் வரும். அட்டை எல்லா வருசத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்து எண்ணுகிறது. மார்ச் 1 எப்போதும் 061. "இலக்கம் பிழை" என்று திருப்பி அனுப்ப முன் இதைப் பாருங்கோ.

பரந்தன், வயல்

கையில் கணினி இல்லாதவர்களுக்கு ஒரு சரிபார்ப்பு: வித்தியாசத்தை ஏழால் பிரியுங்கோ. 105, 91, 280 மூன்றும் ஏழில் மிச்சமில்லாமல் போகும், ஆகவே திங்கள் விதைத்தால் 105ஆவது நாளும் திங்கள். தங்கச்சி சொன்ன ஜூன் 10 செவ்வாய், மார்ச் 17உம் செவ்வாய். ஐயா சொன்ன அந்தியேட்டிக்கு 30 நாள் தள்ளுகிறது, இரண்டு மிச்சம்: புதன் மோசம் என்றால் வெள்ளி 31. நோட்டீசில் சனி என்று கிடந்தால் யாரோ 31ஐக் கூட்டியிருக்கிறார்கள்.