நீருதிர்ப்பி, காப்பு மெழுகு: ஒரு பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

கார் கழுவும் தொழிலின் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், அலசியபின் தண்ணீர் வடிவதற்காகத் தெளிக்கும் ‘டிரையிங் ஏஜென்ட்’ என்பதற்கு ‘உலர்த்தி’ போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. பெயின்ட்டில் கலப்பதும் உலர்த்தி, மாத்திரைக் குப்பிக்குள் கிடக்கும் சிலிக்கா பொட்டலமும் உலர்த்தி. முன்னது எண்ணெயை இறுகச் செய்கிறது, பின்னது ஈரத்தை உறிஞ்சுகிறது. கார் கழுவும்போது தெளிப்பது இவ்விரண்டையும் செய்வதில்லை.

கிருஷ்ணகிரி புறவழிச்சாலையில் ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் நின்று பாருங்கள். ஷாம்பு நுரையை அலசியதும் பானெட்டின் மேல் தண்ணீர் ஒரே படலமாகப் படிந்து நிற்கும். டிரையிங் ஏஜென்ட் மருந்தைத் தெளித்ததும் அந்தப் படலம் கிழிகிறது. ஓரத்திலிருந்து சுருங்கி, துளிகளாகத் திரண்டு, சரிவில் ஓடி விழுகிறது. கண்ணாடி இடுக்கிலும் கதவுக் கைப்பிடியிலும் தங்கியதைக் காற்றுக் குழாய் தள்ளிவிடும். மருந்திலுள்ள நேர்மின் பரப்புச் செயலிகள் (நேர்மின்னேற்றம் உள்ள, சோப்பு போன்ற பொருள்கள்) எதிர்மின் தன்மையுள்ள பெயின்ட் பரப்பைப் பற்றிக்கொண்டு, உடன்வரும் எண்ணெயை அங்கே மெல்லிதாகப் படியவைக்கின்றன. தண்ணீருக்குப் பிடிமானம் போய்விடுகிறது, உதிர்கிறது. ஆகவே ‘நீருதிர்ப்பி’.

நம் பக்கத்தில் பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்பு மிகுந்த கடின நீர். துளி வெயிலில் காய்ந்தால் கால்சியம் உப்பு வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். கறுப்பு வண்டியில் அது கண்ணை உறுத்தும். புதிதாக வேலைக்கு வந்த தம்பியிடம் ‘உலர்த்தி’ என்று கொடுத்தால் ஈரத்தில் அடிப்பதா, காய்ந்தபின் அடிப்பதா என்று விழிப்பான். ‘நீருதிர்ப்பி’ என்றால் நீர் இருக்கும்போதே அடிக்க வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

அதே மருந்துக்கு அம்மையார் ஒருவர் தந்த ‘நீர்விலக்கி’ என்ற சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிக்குப் பூசும் மெழுகும் (வாக்ஸ்) நீரை விலக்கும். இரண்டையும் அது பிரித்துக் காட்டாது.

அந்த மெழுகுக்குக் ‘காப்பு மெழுகு’ என்ற பெயர் போதும். பிரேசிலின் கார்னௌபா பனை ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு 80 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். நம் சித்திரை வெயிலைத் தாங்கும். அதைப் பூசுவதற்கு வினைச்சொல்லும் தேட வேண்டாம். சாணத்தால் திண்ணை மெழுகியவர்கள் நாம். ‘வண்டியைத் துடைத்துக் காயவிட்டு, நிழலில் மெழுகவும்’ என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும்.

தானியங்கிக் கழுவுகூடங்களில் ஈரத்தின் மேலேயே அடிக்கும் நீர்ம மெழுகு மட்டும் மிச்சம். ‘தெளிமெழுகு’ என்றால் தெளிந்த மெழுகு என்றும் பொருள்படும் என்பதால் ‘தெளிப்பு மெழுகு’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடக் கச்சிதமான சொல் இருந்தால் எழுதுங்கள்.