ஆறாத தீப்புண்: தோல் ஒட்டும் முன் உறிஞ்சும் கருவி எதற்கு?

கேள்வி (கவுந்தப்பாடி)
எங்கள் கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும்போது கொதிபாகு கொட்டி, அப்பாவின் முழங்காலுக்குக் கீழே ஆழமாக வெந்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இரண்டு மாதமாகியும் புண் ஆறாமல் பச்சை நிறச் சீழ் வடிகிறது. தோல் ஒட்டுவதற்கு முன் சில நாட்கள், புண்ணின் நீரை உறிஞ்சி எடுக்கும் ‘வேக்’ கருவி பொருத்த வேண்டும் என்கிறார் மருத்துவர். நேராகத் தோலையே ஒட்டிவிடக் கூடாதா? செலவைக் கூட்டும் வேலையோ என்று பங்காளிகள் சந்தேகப்படுகிறார்கள்.

பதில் (தீக்காயப் பிரிவில் பணியாற்றிய செவிலியர், கோவை)
தம்பி, மருத்துவர் சொல்லும் வரிசை சரியானதே. தொடையிலிருந்து சீவி எடுக்கும் மெல்லிய தோல், முதல் ஓரிரு நாட்கள் புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிர் பிழைத்திருக்கும். அதன் பிறகே அடியிலிருந்து இரத்தக் குழாய்கள் அதனுள் நுழையும். அதற்குள் இடையில் சீழோ நீரோ தேங்கினால், தோல் ஒட்டாமல் மிதந்து கறுத்துவிடும். பச்சைச் சீழ் பெரும்பாலும் சூடோமோனாஸ் கிருமியால் வருவது. அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைக் கல்ச்சர் பரிசோதனையில் (சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அறியலாம்.

முதலில் செத்த சதையை வெட்டி நீக்க வேண்டும். அதைச் செய்யாமல் மேலே கருவியை வைப்பது வீண். பிறகு கறுப்பு ஸ்பாஞ்சைப் புண்ணின் அளவுக்கு வெட்டி வைத்து, ஒட்டும் படலத்தால் காற்றுப் புகாமல் மூடி, குழாய் வழியே சீழையும் நீரையும் வழக்கமாக 125 மி.மீ. பாதரச அழுத்த அளவில் உறிஞ்சுவார்கள். ஸ்பாஞ்ச் உலர்ந்த திராட்சை போலச் சுருங்கிக் கெட்டியானால் உறிஞ்சல் சரியாக நடக்கிறது. ‘உஸ்’ என்று ஓசை கேட்டால் எங்கோ காற்று கசிகிறது. 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவார்கள். வீக்கம் வடிந்து, சிவந்த புதுச்சதை வளர்ந்த பிறகே தோல் ஒட்ட நாள் குறிப்பார்கள். ஒட்டிய தோலின் மேலும் நான்கைந்து நாட்கள் அதே கருவியை வைப்பதுண்டு; அப்போது தோலை நகரவிடாமல் அழுத்திப் பிடிப்பதே அதன் முதல் வேலை.

பதில் (அவிநாசி)
எங்கள் பெரியம்மாவுக்கும் இதையே செய்தார்கள். கருவி ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு வேறு கட்டுப் போட வேண்டும் என்றார்கள். ஆகவே, வீட்டில் வைத்துப் பார்ப்பதானால் மின்வெட்டை மனதில் கொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் முன்பே சொல்லிவிடுங்கள். குழாயில் திடீரெனச் சிவப்பாக இரத்தம் வந்தால் கருவியை நிறுத்தி, புண்ணை அழுத்திப் பிடித்தபடி உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. முட்டை கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் பத்தியம் வைத்திருக்கிறார்களே?

பதில் (செவிலியர், கோவை)
அந்தப் பத்தியத்தை முதலில் விட்டுவிடச் சொல்லுங்கள். சீழ் வழியே புரதம் நாள்தோறும் வெளியேறுகிறது. சிறுநீரகத்தில் குறை இல்லையென்றால் முட்டை, மீன், கொள்ளுப்பருப்பு எல்லாம் கொடுக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் வராமல் ஒட்டிய தோல் நிலைக்காது. செலவுக்கு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: தோல் எடுத்த தொடைதான் ஒட்டிய இடத்தைவிட அதிகம் எரியும். அது ஆற ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டை நீங்களாகப் பிய்த்து எடுக்காதீர்கள்.