சிஜி பீப்பாய் காட்சியோடு ஒட்டவில்லை, விளிம்பில் வெளிறிய கோடு (அவசரம்)

பீப்பாய்க்காரன்:
நாளைக் காலை ஷாட் கொடுக்க வேண்டும். கேமராவில் எடுத்த காட்சியின் சிமெண்ட் தரையில் துருப்பிடித்த பீப்பாய் ஒன்று, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்தது. வெளிச்சத்தின் திசை சரி, நிழலும் சரி. ஆனாலும் வெட்டி ஒட்டியது போல நிற்கிறது. காமாவை (நடுத்தர ஒளி அளவை) ஏற்றினால் விளிம்பைச் சுற்றி வெளிறிய கோடு வேறு. என்ன செய்ய?

நிழல்வெளி:
காம்பாசிட் (இரண்டையும் ஒரே படமாகச் சேர்ப்பது) எந்த மென்பொருளில்? ரெண்டர் ஃபைல் பிஎன்ஜியா, ஈஎக்ஸ்ஆரா? கேமரா லாக்கில் (கான்ட்ராஸ்டைச் சுருக்கிப் பதிவு செய்யும் முறையில்) எடுத்ததா?

மணல்துகள்:
கிரெய்ன் (படத்தில் துள்ளும் பொடிப் புள்ளிகள்)தான் காரணம். ரெண்டர் துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருக்கும், ஃபுட்டேஜ் அப்படி இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று சேனல் சேனலாகப் பாருங்கள், பெரும்பாலும் நீலத்தில்தான் அதிகம் கொதிக்கும்.

பழையகை:
கோடு கிரெய்னால் வராது. 1984-இலேயே போர்ட்டர், டஃப் என்ற கணினி வரைகலை ஆய்வாளர்கள் எழுதிவைத்த பிரிமல்ட் கணக்கு இது: நிறத்தை ஆல்ஃபாவால், அதாவது ஒளிபுகாமை அளவால், பெருக்கி வைப்பது. அதைப் படிக்காமல் நேராக நோடு (மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம்) போட வந்துவிடுகிறார்கள். விளிம்பில் ஆல்ஃபா 0.5, நிறம் 0.4 என்றால் ஃபைலில் இருப்பது 0.2. அதற்கு காமா 2 கொடுத்தால் 0.45 ஆகிறது. முதலில் அன்பிரிமல்ட் (ஆல்ஃபாவால் வகுப்பது), அப்புறம் காமா, அப்புறம் பிரிமல்ட் என்று போனால் 0.32தான் வரும். அந்த வித்தியாசம்தான் உங்கள் கோடு.

பீப்பாய்க்காரன்:
நியூக். ஈஎக்ஸ்ஆர். கேமரா எஸ்-லாக்3, சோனியின் லாக்.

நிழல்வெளி:
பிளேட்டை (கேமராவில் எடுத்த காட்சியை) உள்ளே எடுக்கும் ரீட் நோடில் கலர்ஸ்பேஸ் (நிற எண்களைப் படிக்கும் முறை) என்ன இருக்கிறது? எஸ்-லாக்3-இல் 18% சாம்பல் சிக்னலின் 41%-இல் உட்காரும். அதைச் சாதாரணத் திரைக்கான எஸ்ஆர்ஜிபி என்று படித்தால் பிளேட் முழுக்க வெளிறும், பீப்பாய் மட்டும் அழுத்தமாக நிற்கும். இன்னொன்று, வியூவர் காமாவை நன்றாக ஏற்றி பீப்பாயின் அடியைப் பாருங்கள். பக்கத்துச் சுவர் மூலையின் இருட்டை விட அது கறுப்பாக இருந்தால் கண் உடனே பிடித்துவிடும்.

வண்ணமேசை:
கறுப்பை காம்பில் (காம்பாசிட்டில்) தொடாதீர்கள், கிரேடிங்கில் (கடைசியில் செய்யும் நிறத் திருத்தத்தில்) பார்த்துக்கொள்ளலாம்.

நிழல்வெளி:
அங்கே மொத்த ஃபிரேமும் சேர்ந்துதான் நகரும். காம்பில் பொருந்தாத கறுப்பு, கான்ட்ராஸ்ட் ஏற்றும்போது இன்னும் துருத்தும்.

வண்ணமேசை:
பீப்பாயின் மேட் (அந்தப் பகுதியை மட்டும் பிரித்துக் காட்டும் படம்) கேட்டு வாங்கினால் தனியாகச் சரிசெய்யலாமே. தினமும் அதைத்தான் செய்கிறேன்.

பழையகை:
காம்பாசிட்டர் செய்யாத வேலையை கலரிஸ்ட் தலையில் கட்டுவதா?

மணல்துகள்:
கிரெய்னை மறந்துவிட்டீர்கள்.

பீப்பாய்க்காரன்:
ரீட் நோடில் எஸ்ஆர்ஜிபிதான் இருந்தது. மாற்றினேன். அன்பிரிமல்ட்டும் செய்தேன், கோடு போய்விட்டது. கறுப்பைக் கொஞ்சம் தூக்கியதும் தரையில் உட்கார்ந்துவிட்டது. ரெண்டர் ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி.

மணல்துகள்:
கிரெய்ன் சேர்த்தீர்களா?