தோழியுடன் டெல்லி அரை மாரத்தான்: வேகம் ஒத்துப்போகாதவர்கள் சேர்ந்து ஓடலாமா?

கேள்வி: மலைமந்திர்வாசி

வணக்கம். ஆர்.கே. புரத்தில் வசிக்கிறேன். அக்டோபரில் நடக்கும் டெல்லி அரை மாரத்தானுக்கு (21.1 கிலோமீட்டர்) நானும் என் தோழியும் பெயர் கொடுத்திருக்கிறோம். நான் இந்தத் தூரத்தை முன்பே ஓடியவள். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி என்ற வேகத்தைக் காத்துக்கொண்டால் 2 மணி 15 நிமிடத்தில் முடித்துவிடுவேன். மயூர் விஹாரில் சஞ்சய் ஏரிப் பக்கம் காலை நடைக்குப் போய்க்கொண்டிருந்த அவளை ஓட்டத்துக்கு இழுத்து வந்ததே நான்தான். அவளுக்கு இது முதல் அரை மாரத்தான். என் கணிப்பில் 2 மணி 45 நிமிடமாவது ஆகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லோதி தோட்டத்தில் சேர்ந்து ஓடுகிறோம். தொடக்கத்தில் ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டு வருபவள், 10 கிலோமீட்டரை நெருங்கும்போது வாயே திறப்பதில்லை. மறுநாள் அலுவலகப் படியேறக் கால் வலிக்கிறது என்கிறாள். தனியாக ஓடு என்றாலோ விடியற்காலையில் எழுவதே இல்லை. சிறு வயது முதல் அவளுக்கு லேசான வீசிங் உண்டு. மருத்துவர் ஓட அனுமதித்திருக்கிறார், ஆனால் இன்ஹேலர் உடனிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஓட்ட நாளில் முழுத் தூரமும் அவளுடனேயே ஓடுவதா, அல்லது ஓரிடத்தில் பிரிந்துவிடுவதா? பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: நேரு பார்க் ஓட்டக்காரன்

சகோதரி, 10 கிலோமீட்டரில் உங்கள் தோழியின் பேச்சு நின்றுவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அதில்தான் இருக்கிறது. நெடுந்தூரப் பயிற்சியில் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். உங்களுக்கு நிதானமான ஓட்டமாக இருப்பது அவருக்குப் போட்டி ஓட்டமாக இருக்கிறது. வாரந்தோறும் ஒரு போட்டி ஓடுகிறவருக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேகத்தை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அது கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடமாக இருந்தாலும் பரவாயில்லை. மெதுவாக ஓடுவதால் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. நீண்ட நேரம் காலில் நிற்கும் வலு இருவருக்கும் அந்த ஓட்டத்தில் கிடைத்துவிடும், உங்கள் வேகப் பயிற்சியை வார நாளில் தனியாகச் செய்துகொள்ளலாம். இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் டெல்லிப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்திலும் துடிப்பு கூடிவிடுகிறது. அவர் இப்போது காட்டும் வேகத்தை வைத்து அக்டோபர் நேரத்தைக் கணிப்பது அவருக்கு நியாயமாகாது.

முழு 21 கிலோமீட்டரைப் பயிற்சியில் ஓடிப் பார்க்கத் தேவையில்லை. 16 அல்லது 17 வரை சிறிது சிறிதாக உயர்த்தி, கடைசி இரண்டு வாரங்களில் தூரத்தைக் குறைத்துவிட்டால் போதும். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே மாற்றி மாற்றிச் செல்லும் முறையும் அவருக்குப் பொருந்தும். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய முறை இது. களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்காமலிருக்க நடப்பது வேறு. முதல் பாதியில் நடக்க வெட்கப்படுகிறவர்கள் இரண்டாம் பாதியில் வேறு வழியின்றி நடப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

அதிகாலையில் எழாததற்கு மருந்து எளிது. வார நாளில் நீங்கள் ஆர்.கே. புரத்திலும் அவர் மயூர் விஹாரிலும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குங்கள். முடித்ததும் கைக்கடிகாரத்தைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: துவாரகா செக்டர் 6

நான் மாறுபடுகிறேன். பயிற்சியைச் சேர்ந்து செய்யுங்கள், ஓட்ட நாளில் பிரிந்து ஓடுங்கள். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 85 விநாடி வேறுபாடு என்பது சிறியதன்று. வேகமானவர் தன் இயல்பான அடியைச் சுருக்கிக்கொண்டு இரண்டே முக்கால் மணி நேரம் ஓடினால் அவருக்கும் முழங்காலோ இடுப்போ வலிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் முடித்த பின் அரை மணி நேரம் காத்திருந்து, அவர் வரும் கடைசித் திருப்பத்தில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். முதல் முறை ஓடுகிறவருக்கு அந்த இடத்தில்தான் ஆள் தேவைப்படும்.

பதில் 3: பின்னால் வருபவள்

இங்கே எழுதிய இருவரும் வேகமாக ஓடுகிறவர்கள் என்று தோன்றுகிறது. என் கணவருடன் ஓடும்போது எப்போதும் மெதுவான ஆள் நான்தான் என்பதால், அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

உடன் ஓடுகிறவர் அரையடி முன்னால் போவதைப் போல எரிச்சலூட்டுவது எதுவுமில்லை. அவர் வேண்டுமென்று செய்வதில்லை, கால் தானாகப் போகிறது. ஆனால் அந்த அரையடியை எட்டிப் பிடிக்க நினைத்து நாம் விரைய, அவர் மீண்டும் அரையடி முன்னேற, இருவருக்கும் தெரியாமலே வேகம் ஏறிவிடுகிறது. தோள் தோளுக்கு நேராக ஓடுங்கள். முடியாவிட்டால் அரையடி பின்னால் வாருங்கள். அவள் பேச முடியாத கட்டத்தில் கேள்வி கேட்காதீர்கள், கதை மட்டும் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம்தான்" என்று 14-ஆவது கிலோமீட்டரில் சொல்வதை அறவே தவிர்த்துவிடுங்கள், இன்னும் 7 கிலோமீட்டர் இருப்பது அவளுக்கும் தெரியும்.

என்னால் உன் நேரம் கெடுகிறதே என்ற உறுத்தல் அவளுக்குக் கட்டாயம் இருக்கும். ஆகவே முடிவை இப்போதே, ஓட்டத்துக்குப் பல வாரங்கள் முன்பே, அவளிடம் கேட்டு எடுங்கள். முழுதும் சேர்ந்து ஓடுவதானால் "இந்த ஆண்டு எனக்கென்று நேரக் கணக்கு இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பிரிவதானால் எந்தக் கிலோமீட்டரில் என்பதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். களைப்பில் இருப்பவளிடம் நடுவழியில் "நான் போகட்டுமா?" என்று கேட்டால் அவள் வேறென்ன சொல்வாள், "போ" என்றுதான் சொல்வாள்.

மலைமந்திர்வாசி

மூவருக்கும் நன்றி. அரையடி முன்னால் ஓடுவதாக அவளும் ஒருமுறை குறைப்பட்டது நினைவுக்கு வருகிறது. இன்று பேசி முடிவெடுத்துவிட்டோம்: 16 கிலோமீட்டர் வரை அவள் வேகத்தில் சேர்ந்து ஓடுகிறோம், அதன் பின் இருவருக்கும் விடுதலை. இன்னும் இரண்டு ஐயங்கள். என் பழைய நேரத்தை வைத்து தொடக்கக் கோட்டில் நிற்க எனக்கு முன்வரிசைப் பிரிவும் அவளுக்குக் கடைசிப் பிரிவும் ஒதுக்கப்பட்டால் எப்படிச் சேர்ந்து தொடங்குவது? அக்டோபர்க் காற்றை என்ன செய்வது?

பதில் 4: நேரு பார்க் ஓட்டக்காரன்

பொதுவாக, முன்பிரிவில் இருப்பவர் பின்பிரிவுக்கு இறங்கிச் செல்லத் தடையில்லை. பின்னாலிருப்பவர் முன்னால் வரத்தான் விடமாட்டார்கள். ஆகவே நீங்கள் அவருடைய பிரிவுக்குப் போய்விடுங்கள். ஓடுபவர் அணியும் டைமிங் சிப் (நேரத்தைப் பதியும் சில்லு) தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் நேரத்தைக் கணக்கிடத் தொடங்குகிறது என்பதால், பின்னால் நிற்பதால் எதையும் இழக்கமாட்டீர்கள்.

காற்றைப் பொறுத்தவரை, அறுவடை முடிந்து பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் தாளை எரிக்கத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 200-ஐத் தாண்டினாலே அது "மோசம்" என்ற வகை. வீசிங் உள்ளவர் அன்றைய ஓட்டத்தை விட்டுவிடலாம், ஒரு ஓட்டம் தவறுவதால் ஒன்றும் குறைந்துவிடாது. சாதாரண முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் அதை அணிந்து ஓடினால் மூச்சு வாங்குவது கடினமாகிவிடும். குளிர் தொடங்கிய பின் அதிகாலையில் மாசு தரையோடு தங்கிவிடுவதால், பயிற்சியைச் சூரியன் ஏறிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது. ஓட்ட நாளன்று காற்று எப்படி இருந்தால் அவர் ஓடுவதில்லை என்ற எல்லையை மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிவிட்டோமே என்று அன்று காலையில் மனம் வாதாடும்.

2 மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது தண்ணீர் மட்டும் போதாது, சர்க்கரைச் சத்தும் உப்பும் தேவைப்படும். பேரீச்சை ஒத்துக்கொள்கிறதா என்று இப்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் தின்று பாருங்கள். கடலை மிட்டாய் வேண்டாம், ஓடிக்கொண்டே மென்றால் புரையேறும். வழியில் வரும் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.

இன்ஹேலரை உங்கள் இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் வேண்டாம். 16-இல் நீங்கள் பிரிந்து போகப் போகிறீர்கள். அது முதலிலிருந்தே அவருடைய பையில் இருக்கட்டும். பிப் அட்டையின் (மார்பில் குத்தும் எண் அட்டை) பின்புறம் வீசிங் உண்டு என்பதையும் வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.